உடையவர் வராத கல்

நெடுஞ்சாலைகளின் வரலாறு பற்றிய நூல்கள் எங்கள் கிளை நூலகத்தில் ஓர் அடுக்கு நிறைய உண்டு. அவற்றைத் தூசி தட்டி அடுக்கியவளும் நான்தான், படித்தவளும் பெரும்பாலும் நான்தான். சாலை போட்ட அரசர்களும் அதை அளந்த வெள்ளைக்காரர்களும் மலையைக் குடைந்த பொறியாளர்களும் அவற்றில் வரிசையாக வருகிறார்கள். தார்ப்பாயைக் கட்டும் கயிறு வருவதில்லை. முன்பக்கத்தில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும் வருவதில்லை. ஏற்றத்தில் நிற்கும் லாரியின் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கல்லைப் பற்றி ஒரு வரியும் நான் இதுவரை கண்டதில்லை. அப்படிப்பட்ட ஒரு கல்லை என் வீட்டுக் குழாயடியில் பல ஆண்டுகள் வைத்திருந்தவள் என்பதால், விடுபட்ட அந்த வரியை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

தொப்பூர் மலைப்பாதை எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும். பாரம் ஏற்றிய லாரி அந்த ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஓட்டுநர் கைப்பிரேக்கை நம்ப மாட்டார். வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே கிளீனர் குதித்து, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின்சக்கரத்துக்குக் கீழே செருகுவார். வண்டி மறுபடி கிளம்பும்போது சக்கரம் முன்னே போகும், கல் தார்ச்சாலையிலேயே கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏற வேண்டியது கிளீனரின் வேலை. பலரும் எடுப்பதில்லை. என் சிறுவயதில் அங்கே இருவழிச் சாலைதான். இருபுறமும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தீட்டிய புளியமரங்கள். அப்படிக் கிடக்கும் கல்லை அடுத்து வரும் மாட்டுவண்டிக்காரரோ சைக்கிள்காரரோ காலால் எத்தி ஓரம் தள்ளிவிட்டுப் போவார். பிறகு நால்வழி வந்தது. மரங்கள் போயின, நடுவில் அரளி வந்தது. சாலையில் நடப்பவர் என்று யாரும் இல்லாமல் போனார்கள். லாரிக்காரர்கள் மட்டும் பழைய சாலையில் செய்ததைப் போலவே கல்லை விட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் அப்படி அல்லர். கவனமுள்ளவர்கள் கல்லில் கயிறு கட்டி, மறுமுனையை வண்டியின் அடிச்சட்டத்தில் முடிந்துவிடுவார்கள். வண்டி நகர்ந்தால் கல்லும் இழுபட்டுக்கொண்டே வரும். மேடு ஏறிய பிறகு நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். பொம்மிடி சாலையில் வீடு கட்டியிருந்த மஞ்சள் லாரிக்காரர் அத்தகைய கவனக்காரர்களில் ஒருவர். எங்கள் பக்கத்துத் தக்காளியும் புளியும் வாழைத்தாரும் பெரும்பாலும் அவருடைய வண்டியில்தான் வெளியூர் போகும். வீட்டுக்கு மின்சாரக் கிரைண்டர் வந்ததும் அவர் பழைய ஆட்டுக்கல்லைச் சம்மட்டியால் பிளந்து, ஒரு துண்டைச் சக்கரத்துக்கென்று எடுத்துக்கொண்டார். மாவரைத்து மாவரைத்து வழுவழுப்பான அதன் உட்குழிவு டயரின் வளைவுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அதற்கு இரும்பு வளையம் அடித்து, லாரிக்குப் பூசிய அதே மஞ்சளையும் பச்சைப் பட்டையையும் பூசினார். டீக்கடையில் அதை எல்லாருக்கும் காட்டியபோது நானும் அங்கே பேருந்துக்காக நின்றிருந்தேன்.

"என் பொண்டாட்டி கூட இவ்ளோ பொருத்தமா வந்து உக்காரல. இந்தக் கல்லு டயருல எப்பிடி உக்காருது பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் தம்பி சாமந்தி பயிரிட்டான். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் பறித்த பூவை மூட்டையாக்கி, மொபெட்டின் பின்னால் இரண்டும் கால்களுக்கு நடுவே ஒன்றுமாக வைத்துக்கொண்டு, ஏற்றம் ஏறித் தர்மபுரிச் சந்தைக்குப் போவான். போகும்போது வாசலில் நின்று ஒரு சாமந்தியைக் கிள்ளி என்னிடம் நீட்டுவான். "இந்தாக்கா, லைபரரிக்கு வெச்சிக்கிட்டுப் போ. படிக்கிறவன் யாராச்சும் நிமிந்து பாக்கட்டும்." அன்றும் நீட்டினான். அந்தப் பூவை நான் தலையில் வைத்து முடிப்பதற்குள், ஏற்றத்தில் மொபெட் எதிலோ மோதிக் கவிழ்ந்தது என்று செய்தி வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுவதும் சாமந்தி. லாரிகள் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. தம்பியை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். இடது வழியின் நடுவில் கிடந்தது அந்த ஆட்டுக்கல் துண்டு. மஞ்சள், பச்சைப் பட்டை, இரும்பு வளையம், வளையத்தில் நைந்து அறுந்த கயிற்றின் ஒரு முழம். மொபெட்டைத் தூக்க வந்தவர்கள் அதைக் காலால் ஓரம் தள்ளினார்கள். நான் ஆட்டோக்காரரிடம் சொல்லி அதை ஏற்றிக்கொண்டேன். எதற்காக எடுக்கிறேன் என்று அவர் கேட்டார். எதற்காக என்பது எனக்கு அப்போதே தெரியும்.

தம்பியின் வலது கால் முழங்காலோடு போயிற்று. அவன் கண்விழித்துக் கேட்ட முதல் கேள்வி பூவைப் பற்றியது.

அந்தக் காலுக்காக மட்டும் என்றால் ஒருவேளை நான் ஆறியிருப்பேன். கயிறு அறுவது யாருக்கும் நேரும். மஞ்சள் லாரிக்காரர் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து, 'என் கல்தான், அறுந்தது தெரியாமல் போய்விட்டேன்' என்று சொல்லியிருந்தால், அதைக் கேட்டு அழுதிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். அவர் வரவில்லை. டீக்கடைக்குப் போனார். லாரியிலிருந்து மஞ்சளும் பச்சையும் பூசிய ஒரு கல்லை இறக்கி, பெஞ்சின்மேல் வைத்து, "என் கல்லு என்கிட்டதான் இருக்கு, எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். பெயிண்ட் கையில் ஒட்டியதாம். அதன் பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"அவன் போட்டுட்டு ஓட்டியிருப்பான். போதையில போறவனுக்கு ரோடு முழுக்கக் கல்லாத்தான் தெரியும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பழைய கல்லைத் தெரியும், ஒட்டிய பெயிண்டும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் தக்காளி ஏற்ற வண்டி வேண்டுமே. என் தம்பி வாழ்நாளில் ஒருநாளும் குடித்தவன் அல்லன். ஆனாலும் அந்தச் சொல் டீக்கடையிலிருந்து கிளம்பி, அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் ஊருக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. பெண்ணின் அப்பா நல்ல மனிதர். கண் கலங்க எங்கள் வீட்டுக்கு வந்து, நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கால் போனதுக்காக இல்லீங்க தாயி. அத என் பொண்ணு தாங்கும். குடிய தாங்காது. அவ ஆத்தா பட்டதே போதும்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த தம்பிக்கு அது கேட்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லைக் குழாயடியில் போட்டு வைத்தேன். தம்பி மெல்ல மெல்லத் தேறினான். கோலூன்றி நடந்தான். பிறகு பின்பக்கம் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கித் தந்தேன். அது ஏற்றத்தில் நின்றாலும் சாயாது, கல் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தான். அவனுக்குச் சிரிப்புத் திரும்பியது எனக்கு ஆறுதலாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"அக்கா, அந்தக் கல்ல தூக்கிப் போடு. இல்லன்னா அதுல மாவாட்டு. சும்மா எதுக்கு மொறச்சிக்கிட்டே நிக்கிற?"

"பொறுடா" என்பேன்.

பொறுமை எனக்கு வேலையால் வந்தது. எடுத்துப் போனவர் திருப்பித் தராத நூலுக்காக நூலகத்தில் வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். அந்த இடத்தை வேறொன்றால் நிரப்புவதில்லை.

ஏற்றத்தின் உச்சியில், இறக்கம் தொடங்கும் பக்கத்தில், ஒரு முனியப்பன் கோயில் உண்டு. சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் அங்கே நின்று, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துவிட்டுத்தான் இறங்கும். சாலை இருவழியாக இருந்தபோதும் அப்படித்தான், நால்வழியான பிறகும் அப்படித்தான். செல்பேசியில் வழி பார்க்கிற இளைஞர்களும் அங்கே செருப்பைக் கழற்றுகிறார்கள். ஒருநாள் பேருந்துச் சன்னலிலிருந்து அதைப் பார்த்தபோது, அந்த வரிசையில் மஞ்சள் லாரி நின்றிருந்தது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

அடுத்த விடுமுறை நாளில் கல்லைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினேன்.

"என்னம்மா மூட்டையில?" என்றார் நடத்துநர்.

"கல்லு."

"கல்லா? மலைக்கே கல்லு கொண்டு போறீங்களா? அங்க என்ன பஞ்சமா?"

"இது அங்கதாங்க எறங்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்குக்கும் சேர்த்துச் சீட்டுக் கிழித்தார்.

கோயிலுக்கு முன்னால் தேங்காய், கற்பூரம் விற்கும் அம்மாள் ஒருத்தி உண்டு. வீட்டில் கன்னடம் பேசுகிறவள், வியாபாரத்துக்குத் தமிழ். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்காரரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கல்லை அவள் கடைக்கு எதிரே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், குழிவு மேலே தெரியும்படி வைத்தேன். யாராவது கேட்டால் உள்ளதை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவள் அதை அப்படியே சொன்னாள். நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இது ரோட்டுல வுட்டுட்டுப் போன கல்லுப்பா. ஒரு பையனோட கால் இதுல போச்சு. உடையவரு இன்னும் வரல."

அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை ஓட்டுநர்கள் செய்தார்கள். யாரோ ஒருவர் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். இன்னொருவர் அதன் விளிம்பிலேயே தேங்காயை உடைத்தார், தண்ணீர் குழிவில் தேங்கியது, காகம் வந்து குடித்தது. அதன் பிறகு எல்லாரும் அங்கேயே உடைக்கத் தொடங்கினார்கள். கும்பிட்டு எழுந்ததும் ஒவ்வொருவரும் தம் வண்டியைச் சுற்றிவந்து, சக்கரத்தடியில் கல் எதுவும் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பது வழக்கமாயிற்று. கல்லின் சொந்தக்காரன் அதை எடுக்கிற வரையில் அவன் வண்டிக்குப் பிரேக் நிற்காது என்றும், அவன் வண்டிக்குப் பின்னால் இறங்கக் கூடாது என்றும் பேச்சுப் பரவியது. அதை நான் பரப்பவில்லை. மறுக்கவும் இல்லை.

மஞ்சள் லாரிக்காரர் அங்கே நிற்பதை விட்டார். நிறுத்தினால் தம் வீட்டு ஆட்டுக்கல்லில்தான் தேங்காய் உடைக்க வேண்டும். முனியப்பனுக்கு முன்னால் நிற்காமல் ஒரு வண்டி இறங்குவதை அந்தச் சாலையில் யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். கல்லின் நிறமும் அந்த வண்டியின் நிறமும் ஒன்று என்பதையும் கவனித்தார்கள். அவர் லாரிக்கு நீலம் அடித்தார். டீக்கடை அதற்கும் காத்திருந்தது.

"என்னண்ணா, வண்டிக்குப் புதுப் பெயிண்டா? கல்லுக்கும் ஒரு கோட்டு அடிச்சிட்டு வந்துடறதுதான?"

முதலில் அவருடைய கிளீனர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவர் ஒரு நடையோடு நின்றுகொண்டார். பிறகு விவசாயிகள் தயங்கத் தொடங்கினார்கள். அவருக்கு அஞ்சி அன்று பெஞ்சில் வாய் மூடி உட்கார்ந்திருந்த அதே ஆட்கள்தாம். "சாமிக்கு நிக்காத வண்டியில என் தக்காளிய ஏத்த மாட்டேங்க" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்கு இனித்தது. அதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. நூலகத்தில் அமர்ந்து, அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே, அந்த மனிதர் வெறும் லாரியோடு வீட்டு வாசலில் நிற்பதை நினைத்து நினைத்துச் சுவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிளும் மாதுளையும் போட்ட பை. நான் வாசலிலேயே நின்றேன். உள்ளிருந்து கோலூன்றி வந்த தம்பி, "வாங்கண்ணா, வாங்கக்கா, உள்ள வந்து உக்காருங்க" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவர் வாங்கிக் குடித்தார். தம்பிமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை அவர்மேல் வந்த ஆத்திரத்தோடு சேர்த்து அடக்கிக்கொண்டேன்.

"அந்தக் கல்ல அங்கிருந்து எடுத்துடுங்கம்மா" என்றார்.

"எந்தக் கல்லுங்க?"

"கோயிலாண்ட நீங்க வெச்சது."

"வெச்சது நான்தாங்க. கல்லு என்னுது இல்லையே. அடுத்தவங்க பொருள நான் எப்பிடி எடுக்கறது? உடையவங்க வந்து எடுத்துக்கட்டும்."

அவர் மனைவி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லித் தொலைங்களேன். என் வூட்டு ஆட்டுக்கல்ல எனக்கே தெரியாதா? எங்கப்பன் குடுத்த சீரு அது."

அவர் அவளை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னுதுதான்" என்றார்.

"இங்க சொன்னா எனக்கும் தம்பிக்கும்தாங்க கேக்கும். குடிச்சிட்டு ஓட்டினான்னு நீங்க சொன்னது எங்களுக்கு மட்டுமா கேட்டுச்சு? வண்டிங்க நிக்கிற நேரமாப் பாத்துக் கோயிலுக்கு வாங்க. அங்க சொல்லுங்க. சொல்லிட்டு உங்க கையால தூக்கிக்கிட்டுப் போங்க. அது உங்க வூட்டு வாசல்ல, ரோட்டப் பாத்து இருக்கணும். அத எடுத்து மறைச்சா, மறுபடி நான் பேச வேண்டியிருக்கும்."

ஆப்பிள் பையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். போன பிறகு தம்பி, "அந்தக்கா முகத்தப் பாத்தியா? பாவம்க்கா" என்றான்.

"உன் முதுகப் பாத்தவ நான்டா" என்றேன். அவனுக்கு விளங்கியிருக்காது.

அவர் கோயிலுக்கு வந்தது ஒரு நடுப்பகலில். லாரிகள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. நான் முன்னதாகவே போய்த் தேங்காய்க்கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை, ஆனாலும் பக்கச் சக்கர ஸ்கூட்டரில் ஏற்றம் ஏறி அவனும் வந்து சேர்ந்தான். டீக்கடை பெஞ்சுக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். கல்லுக்கு முன்னால் நின்று அவர் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றேன். "லாரி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல."

"என் கல்லுதான்" என்றார். இப்போது கேட்டது. ஓட்டுநர்கள் திரும்பினார்கள். "கயிறு அறுந்தது எனக்குத் தெரியும். கண்ணாடியில கல்லப் பாத்தேன். பாரம் ஜாஸ்தி. ஏத்தத்துல நிறுத்துனா வண்டிய மறுபடி கெளப்ப முடியாதுன்னு வுட்டுட்டுப் போயிட்டேன்."

கண்ணாடியில் பார்த்தார். அது எனக்குப் புதிய செய்தி. தெரியாமல் போய்விட்டார் என்றுதான் இத்தனை ஆண்டுகளும், என் கோபத்தின் உச்சியிலும், அவருக்காக ஓர் இடம் விட்டு வைத்திருந்தேன். அந்த இடம் அந்தக் கணத்தில் மூடிக்கொண்டது.

"இன்னொண்ணு இருக்குதுங்க" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். "இந்தப் பையன் குடிக்கல. நான்தான் அப்பிடிச் சொன்னேன். பொய்."

ஒரு வயதான ஓட்டுநர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வளையம் அடிச்சிக் கயிறு கட்டத் தெரிஞ்ச ஆளுக்கு, நிறுத்தி எடுக்கத் தெரியல பாரு" என்றார். யாரோ காறித் துப்பும் ஓசை கேட்டது. லாரிக்காரர் குனிந்து கல்லைத் தூக்கினார். குழிவில் தேங்கியிருந்த புளித்த தேங்காய்த் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையின்மேல் வழிந்தது. உதவிக்கு யாரும் கை கொடுக்கவில்லை. தம்பி மட்டும் கோலை ஊன்றி முன்னே நகர்ந்தான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும்க்கா" என்றான்.

அவனுக்குப் போதும். அவன் பெயர் கழுவப்பட்டது. அன்று மாலைக்குள் அந்தச் செய்தி, பொய் போன அதே வழியாக, பெண் வீட்டாரின் ஊருக்கும் போயிருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகிறது. ஒரு சந்தைநாளில் அவளுடைய அப்பா என்னைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்குள் மறையப் பார்த்தார். நானே கூப்பிட்டு நலம் விசாரித்தேன். அவர்மேல் எனக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை.

கோயிலுக்கு முன்னால் இப்போது வேறொரு கல் இருக்கிறது, ஆற்றோரத்து உருண்டைக்கல். தேங்காய்க்காரம்மாள் போட்டது. ஓட்டுநர்கள் இன்றும் கிளம்புமுன் குனிந்து சக்கரத்தடியைப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறோம் என்று இளையவர்களுக்குத் தெரியாது.

பொம்மிடிக்குப் போகும் பேருந்தில் நான் இடப்பக்கச் சன்னலோரம்தான் உட்காருவேன். அங்கே எனக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "டிக்கெட் எடுத்துக்கிட்டுக் கல்லு பாக்கப் போற ஒரே ஆளு நீதான்க்கா" என்று தம்பி கேலி செய்கிறான். செய்யட்டும். பாலம் தாண்டியதும் அந்த வீடு வரும். நீல லாரி விற்றுப் போயிற்று. வாசலில், கேட்டுக்கு வெளியே, மஞ்சள் உதிர்ந்தும் பச்சைப் பட்டை கொஞ்சம் மிஞ்சியும் அது இருக்கிறது. சில நாட்களில் அவரும் அதன் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேருந்து வரும் ஓசை கேட்டதும் தலையைக் குனிந்துகொள்கிறார். குனிந்திருக்கிறாரா என்று நான் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொள்கிறேன்.